பார்வையாளர் நோட்டு

பெருமாநல்லூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால்
காற்றடைத்த வளைவு ஒன்று
கும்பிட்டுக் கும்பிட்டு நிமிர்கிறது.
அதைத் தாண்டினால் மேசை, மேசைமேல் நோட்டு.
பெயர்: கோகிலவாணி.
போன ஞாயிறு பூலுவபட்டியில் நான் தமயந்தி.
போன் நம்பரில் கடைசி எண் மட்டும்
என்னுடையதில்லை.
பட்ஜெட் கட்டத்தில்
நாற்பதிலிருந்து ஐம்பது என்று எழுதி,
லட்சம் என்று எழுதக் கை கூசி
அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்றாவது மாடியில் மாதிரி வீடு.
செருப்பைக் கழற்றச் சொல்லி
காலுக்கு நீல உறை கொடுத்தார்கள்.
வாரத்தில் ஆறு நாள்
பனியன் துணியில் ஓட்டை தேடுகிற கண்
ஏழாவது நாள் சும்மா இருக்குமா?
கடிகாரம் பத்து பத்தில் நிற்கிறது.
அலமாரிப் புத்தகங்களுக்கு முதுகு மட்டும்தான்.
ஃபிரிட்ஜுக்குள் மெழுகு ஆப்பிள்.
குழாயைத் திருகினால்
காற்றுகூட வரவில்லை.
அறையைப் பெரிதாகக் காட்ட
கட்டிலை அரையடி குட்டையாகச் செய்திருந்தார்கள்.
படுத்துப் பார்த்தபோது தெரிந்தது.

பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.
லோகேஸ்வரன் என்று சட்டையில் குத்தியிருந்தது.
டை கட்டியவன்,
காலர் பட்டனுக்கு மட்டும் வேறு நிற நூல்.
அன்றைக்கே கண்டுபிடித்திருப்பான்.
வாங்குகிறவர்கள் குறை சொல்வார்கள்.
எனக்கு எல்லாமே பிடித்திருந்தது.

புதன்கிழமை, செக்கிங் டேபிளில் நிற்கும்போது போன்.
கடைசி எண்ணை மாற்றி மாற்றிப் போட்டு
ஏழு பேரிடம் திட்டு வாங்கி
எட்டாவதாக என்னைப் பிடித்திருக்கிறான்.
"அக்கா, வாங்க வேண்டாமுங்க, வந்தாப் போதுமுங்க.
மேனேஜர் தலை எண்ணுவாருங்க.
இந்த வாரமும் ஆள் பத்தலைன்னா
என்னைய அனுப்பிருவாங்க."
"சாப்பாடு?"
"வெஜ் பிரியாணிங்க."

ஓவர்லாக் சரோஜினி, அவள் வீட்டுக்காரர்,
அயர்ன் மாஸ்டர் நஞ்சப்பன், நான்.
நாலு தலை.
நஞ்சப்பன் சுவரைத் தட்டிப் பார்த்து
ஏதோ தெரிந்தவர் மாதிரி "ம்" என்றார்.
மேனேஜர் எங்களிடமே வந்து நின்றார்.
எப்படீங்க இருக்குது வீடு?

எங்கள் லைன் வீட்டில்
ஒன்பது குடித்தனத்துக்கு ஒரே கொடி.
செவ்வாயும் வெள்ளியும் என் முறை.
வெள்ளிக்கிழமை மழை பெய்தால்
செவ்வாய் வரைக்கும் ஈர வாசத்தோடுதான் தூக்கம்.
அந்த நினைப்பில் வாய் தவறிவிட்டது:
"எல்லாம் சரிங்க. துணி எங்கீங்க காயப்போடறது?"

மேனேஜர் பால்கனியைப் பார்த்தார்.
லோகேஸ்வரன் என்னைப் பார்த்தான்.
நாற்பத்தெட்டு லட்ச ரூபாய் வீட்டில்
யாரும் துணி துவைக்கிற மாதிரி
அவர்கள் வரையவில்லை.
பிரியாணி மட்டும் சூடாக இருந்தது.

ஆடித் தள்ளுபடி போர்டு மாட்டிய ஞாயிறு
மறுபடி போனேன், அழைக்காமலே.
பால்கனி கூரையில்
கயிற்றை இழுத்தால் இறங்கி வருகிற
ஸ்டீல் கொடி. ஆறு கம்பி.
அதில் வெள்ளைத் துண்டு ஒன்று,
நனையாமலே காய்ந்துகொண்டிருந்தது.
காங்கேயத்திலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டி
கயிற்றை இழுத்து, ஏற்றி, இறக்கி.
அந்தப் பொண்ணு சொன்னது எனக்குக் கேட்டது:
"இத பாருங்க, இத யோசிச்சு வெச்சிருக்காங்க பாருங்க."
அன்றைக்கே அட்வான்ஸ் கட்டினார்கள்.
லோகேஸ்வரன் அவர்கள் தலைக்கு மேலாக
கட்டைவிரலைக் காட்டினான்.
பட்டன் நூல் அதே நிறம்தான் இன்னும்.

எல்லாரும் கீழே போனபிறகு
துண்டைத் தொட்டுப் பார்த்தேன்.
ஓரத்தில் நாலு தையல் விட்டிருந்தது.
பர்ஸில் எப்போதும் கிடக்கும்
சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து
அந்த இடத்தில் ஒட்டினேன்.
கொடியை மேலே ஏற்றிவிட்டு
நீல உறையைக் கழற்றினேன்.

அடுத்த வாரம் அவிநாசியில் வில்லாவாம்.
பெயர் யோசிக்க வேண்டும்.